டோக்கன் யார் கையில்?
குக்கீகளை வகுப்பறையில் கற்பித்த அனுபவம்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு நாள்களாகப் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவளுடைய தோழிதான் வந்து சொன்னாள்.

“மிஸ், அவளுக்குக் காய்ச்சல் இல்ல. அவ மெயிலைப் பசங்க பாத்துட்டாங்க. அவங்க அப்பா சம்பளம் எவ்வளவுன்னு கிளாஸ்ல சொல்லிக் கேலி பண்ணாங்க. அதான் வரமாட்டேங்குறா.”

பெரியபாளையத்தில் கணினிப் பயிற்றுநராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலருடைய பெற்றோர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். வீட்டில் ஒரே ஒரு கைப்பேசிதான் இருக்கும். அதுவும் அப்பாவோடு ஷிஃப்டுக்குப் போய்விடும். கல்வி உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்று, வருமானச் சான்று என எதுவானாலும் பிள்ளைகள் பிரவுசிங் சென்டருக்குத்தான் ஓடுவார்கள். அந்த மாணவியும் ஓடியிருக்கிறாள். உதவித்தொகை விண்ணப்பத்திற்காக அங்கே ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, ஆதார், வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, அடுத்த ஆள் காத்திருந்ததால் அவசரமாக எழுந்து வந்துவிட்டாள். சில நாள் கழித்து அதே நாற்காலியில் எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

அவனை அழைத்துக் கேட்டேன். தலை குனிந்து நின்றான்.

“நான் ஒண்ணுமே பண்ணல மிஸ். பாஸ்வேர்டு கூடப் போடல. ஜிமெயில்னு தட்டினேன், அதுவாத் திறந்துச்சு.”

அவன் சொன்னது பொய்யில்லை. திறந்ததைப் படித்ததும் வகுப்பில் வந்து சொன்னதும் அவன் தவறு. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டான். ஆனால் ‘அதுவாத் திறந்துச்சு’ என்பது அவன் தவறல்ல. அது ஏன் அப்படித் திறந்தது என்பது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரியவைக்க வேண்டிய நான், பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இணையப் பாதுகாப்பைப் பற்றிய பாடத்தில் வரும் குக்கீ என்ற பகுதியை ஒரு மதிப்பெண் வினாவுக்கு உரிய விடையாக மட்டும் நடத்தி முடித்திருந்தேன். ‘இணையதளம் அனுப்பி, உலாவி நம் கணினியில் சேமித்து வைக்கும் சிறு தரவு.’ இருவரும் அந்த விடையைத் தேர்வில் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள்.

அந்த வாரம் பாடத்தை மறுபடியும் எடுத்தேன். அப்போது பயன்பட்டவற்றை மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

செருப்பு டோக்கனிலிருந்து தொடங்கினேன்

எங்கள் ஊர் பவானியம்மன் கோயிலுக்கு ஆடி மாதத்தில் வரும் கூட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. “கோயிலுக்குப் போனா செருப்பை எங்க விடுவீங்க?” என்று கேட்டேன். “டோக்கன் போடுற இடத்துல மிஸ்” என்றார்கள்.

அங்கே என்ன நடக்கிறது? செருப்பைக் கொடுக்கிறோம். அவர் அதை ஓர் அறையில் வைத்துவிட்டு, 217 என்று எழுதிய டோக்கனைத் தருகிறார். நம் பெயரைக் கேட்பதில்லை. முகத்தை நினைவில் வைப்பதுமில்லை. சாமி கும்பிட்டுத் திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் செருப்பு கிடைக்கும். டோக்கன் வழியில் விழுந்து வேறொருவர் எடுத்து நீட்டினால், அவருக்கும் அதே செருப்பு கிடைக்கும். டோக்கனை வைத்திருப்பவர் யார் என்பது அவருக்குத் தேவையில்லை. எண் பொருந்தினால் போதும்.

குக்கீ அந்த டோக்கன்தான். இணையதளத்தை நடத்தும் சேவைக் கணினிக்கு இயல்பாக நினைவு கிடையாது. நாம் ஒரு பக்கத்தைக் கேட்கிறோம், அது அனுப்புகிறது, அத்தோடு நம்மை மறந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நாம் அதற்குப் புது ஆள். வலை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. இதனால் ஒரு சிக்கல் வந்தது. கடைத் தளத்தில் ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், கூடை யாருடையது என்று தளத்துக்குத் தெரியாது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மோன்டுல்லி இதற்குத் தீர்வு கண்டார். முதல் வருகையிலேயே சேவைக் கணினி ஒரு சிறு குறியீட்டை அனுப்பும். உலாவி அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அதே தளத்துக்கு மறுபடி போகும்போதெல்லாம் அந்தக் குறியீட்டைத் தானாகவே எடுத்து நீட்டும். கணினித் துறையில் இப்படிக் கைமாறும் குறியீட்டுக்கு ஏற்கெனவே ‘மேஜிக் குக்கீ’ என்ற பெயர் இருந்தது. அதிலிருந்துதான் குக்கீ என்ற பெயர் வந்தது. தின்னும் பிஸ்கட்டுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே.

‘தானாகவே நீட்டும்’ என்ற இடத்தில் நிறுத்தி, மாணவர்களிடம் கேட்டேன்: “கடவுச்சொல்லை ஒரு முறைதான் கொடுக்கிறோம். அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்மை அடையாளம் காட்டுவது எது?” ஒருவன் மெதுவாக, “டோக்கன் மிஸ்” என்றான். “நாம எழுந்து போன பிறகும் டோக்கன் எங்க இருக்கும்?” வகுப்பு அமைதியானது. “கம்ப்யூட்டர்லயே இருக்கும் மிஸ்.”

அதுவாத் திறந்ததற்கு அதுதான் காரணம்.

டோக்கனைக் கண்ணால் காட்டுங்கள்

குக்கீயைச் சொல்லி விளக்குவதைவிடக் காட்டிவிடுவது எளிது. உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, ஏதாவது ஒரு செய்தித் தளத்துக்குப் போய், எஃப் 12 விசையை அழுத்துங்கள். பக்கத்தில் விரியும் சட்டகத்தில் ‘அப்ளிகேஷன்’ என்ற தாவலும் அதற்குள் ‘குக்கீஸ்’ என்ற தலைப்பும் இருக்கும். அட்டவணை போல வரிசையாகத் தெரிபவைதான் குக்கீகள். ஒரு குக்கீ ஏறக்குறைய 4,096 பைட்டுக்குள் அடங்கிவிடும். அதில் கவனிக்கவேண்டியவை:

1. பெயரும் மதிப்பும்: டோக்கன் எண். பெரும்பாலும் புரியாத எழுத்தும் எண்ணுமாக இருக்கும். நம் பெயரோ கடவுச்சொல்லோ பொதுவாக அதில் இருக்காது. அந்த எண்ணுக்கு உரிய விவரம் சேவைக் கணினியில் இருக்கிறது.

2. களப்பெயர்: டோக்கனைக் கொடுத்தவர் யார் என்பது. ஒரு தளம் கொடுத்த குக்கீயை உலாவி இன்னொரு தளத்துக்குக் காட்டாது. கோயில் டோக்கனை ரேஷன் கடையில் நீட்ட முடியாதல்லவா?

3. முடிவு நாள்: டோக்கன் எதுவரை செல்லும் என்பது. ‘செஷன்’ என்று இருந்தால் உலாவியை மூடும்வரை. தேதி இருந்தால் அந்தத் தேதிவரை. குரோமில் ஒரு குக்கீ அதிகபட்சம் 400 நாள்கள் இருக்கலாம்.

மூன்றாவதை மாணவர்கள் வியப்போடு பார்த்தார்கள். “400 நாளா மிஸ்?” ஆம். பிரவுசிங் சென்டரில் நாம் வெளியேறாமல் விட்ட கணக்கு நாள்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் திறந்தே கிடக்கலாம். உலாவியை மூடினால் போதும் என்பதும் உறுதியில்லை. ‘விட்ட இடத்திலிருந்து தொடர்க’ என்ற அமைப்பு போடப்பட்டிருந்தால், மூடித் திறந்த பிறகும் செஷன் குக்கீகள் உயிரோடு இருக்கும்.

இங்கே ஒரு கருத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். குக்கீ வைரஸ் அல்ல. அது இயங்கும் நிரலே அல்ல. நம் கணினியில் உள்ள கோப்புகளை அது படிக்காது. குக்கீ இல்லாவிட்டால் மின்னஞ்சலோ ரயில் முன்பதிவோ இணைய வங்கியோ நடக்காது. நாம் தேர்ந்தெடுத்த மொழி தமிழ் என்பதை ஒரு தளம் நினைவில் வைப்பதும் பெரும்பாலும் குக்கீயால்தான். பயமுறுத்தினால் மாணவர்கள் எல்லாவற்றையும் தடைசெய்துவிட்டு, தளம் வேலை செய்யவில்லை என்று வந்து நிற்பார்கள். டோக்கன் யாரிடமிருந்து வந்தது, யார் கையில் இருக்கிறது என்று பார்க்கப் பழக்குவதே நம் வேலை.

கேட்காமல் வரும் டோக்கன்

அடுத்த நாள் ஒரு மாணவன் இப்படிக் கேட்டான்: “மிஸ், சைக்கிள் விலை ஒருதரம்தான் பார்த்தேன். இப்ப கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும் சைக்கிள் வருது, சமையல் பார்த்தாலும் சைக்கிள் வருது. போன் நாம பேசுறதக் கேக்குதா?”

காது கொடுத்துக் கேட்கத் தேவையில்லை. டோக்கனே போதும் என்பதை மறுபடி கோயில் தெருவை வைத்தே விளக்கினேன்.

பேருந்து நிலையத்திலிருந்து கோயில் வரை கடைகள் இருக்கின்றன: பூக்கடை, வளையல் கடை, பொங்கல் பானைக் கடை, பொம்மைக் கடை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாடிக்கையாளருக்குத் தன் டோக்கனைக் கொடுத்தால் அது முதல் தரப்புக் குக்கீ. இப்போது, எல்லாக் கடையிலும் ஒரு மூலையில் ஒரே முதலாளியின் ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் எதையும் விற்பதில்லை. பூக்கடையில் நுழைந்ததும் 5081 என்ற டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறார். வளையல் கடைக்குப் போனால் அங்கிருக்கும் ஆள் அதே டோக்கனைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். தெருமுனைக்கு வரும்போது ‘5081 பூ வாங்கியது, வளையல் பார்த்தது, பொம்மைக்கு விலை கேட்டது; வீட்டில் சின்னப் பெண் குழந்தை இருக்கலாம்’ என்று முதலாளியின் நோட்டில் ஏறிவிடுகிறது. நம் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் அடுத்த கடையில் கால் வைத்ததும் கொலுசை எடுத்துக் காட்டுகிறார்.

இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ. செய்திப் பக்கத்தில் தெரியும் விளம்பரம் அந்தச் செய்தித் தளத்திலிருந்து வருவதில்லை. விளம்பர நிறுவனத்தின் சேவைக் கணினியிலிருந்து வருகிறது. படத்தைக் கொடுக்கும்போதே அது தன் குக்கீயையும் வைத்துவிடுகிறது. அதே நிறுவனத்தின் விளம்பரம் இருக்கும் இன்னொரு தளத்துக்கு நாம் போகும்போது, உலாவி அந்தக் குக்கீயை அதனிடம் நீட்டிவிடுகிறது. ஆய்வகத்தில் எஃப் 12 அட்டவணையைப் பார்த்தபோது, நாங்கள் திறந்தது ஒரே தளம், களப்பெயர்களோ பல. மாணவர்கள் எண்ணிப் பார்த்துக் குறித்தார்கள். ‘இவங்க எல்லாம் யாரு மிஸ்?’ என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது.

குடும்பத்துக்கே ஒரு கைப்பேசி என்னும் வீட்டில் இது விளம்பரத் தொல்லையோடு நிற்பதில்லை. மாதவிடாய் வலியைப் பற்றியோ, தோல் நோயைப் பற்றியோ ஒரு பிள்ளை கூச்சத்தோடு தேடிப் படிக்கிறது. அப்பா கைப்பேசியை வாங்கியதும் அதே விஷயமாக விளம்பரம் வந்து நிற்கிறது. யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கைப்பேசியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இப்படி ஒரு முறை நடந்தால், அந்தப் பிள்ளை அடுத்த முறை ஐயம் வந்தால் தேடாது, கேட்கவும் செய்யாது.

உலாவிகளும் சட்டமும்

இதைத் தடுக்க உலாவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயிருக்கின்றன. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தானாகவே தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் குக்கீ ஜாடி என்ற முறையை இயல்பு அமைப்பாக்கியது. ஒரு தளத்தில் வைத்த டோக்கனை இன்னொரு தளத்தில் பார்க்க முடியாது. குரோமிலும் இவற்றை நிறுத்தப்போவதாக 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. எங்கள் பிள்ளைகள் பார்க்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலும் குரோம்தான் இருக்கிறது. ஆகவே அதில் தடையை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

‘ஏற்கிறேன்’ என்ற பெரிய பொத்தானோடு வரும் குக்கீ அறிவிப்புகள் ஐரோப்பியச் சட்டங்களால் பரவியவை. ஏற்பதற்கு ஒரே சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்கு என்று வைத்திருந்ததற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. மறுப்பதும் ஏற்பதைப் போல எளிதாக இருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இதைச் சொன்னதும் மாணவர்கள் ஆய்வகத்தில் தளம் தளமாகப் போய், மறுக்கும் பொத்தானைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அதுவே ஒரு நல்ல பயிற்சியாக அமைந்தது.

நம் நாட்டில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்தது 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது அதன் 9-ஆம் பிரிவு. 18 வயது நிரம்பாதவர்கள் இச்சட்டத்தில் குழந்தைகள். அவர்களுடைய தரவைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும், நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. இந்தக் கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கல்வி நிறுவனங்களுக்குக் கல்விப் பணிக்காகச் சில விலக்குகள் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், முதல் காவல் நம் பழக்கம்தான்.

நாங்கள் சுவரில் ஒட்டிய ஆறு பழக்கங்கள்

குக்கீயைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் சொந்தக் கணினி வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அவை விளம்பரத்தைத்தான் முதலில் பேசும். எங்கள் பிள்ளைகளுக்கு முதல் ஆபத்து விளம்பர நிறுவனம் அல்ல. அதே நாற்காலியில் அடுத்து உட்காரப்போகிறவர். ஆகவே வரிசையை மாற்றி எழுதினோம். உலாவியின் பதிப்பைப் பொறுத்துப் பெயர்கள் சற்று மாறலாம். வழி ஏறக்குறைய இதுதான்.

1. பிறர் கணினியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து வேலையைத் தொடங்கு. குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று விசைகள். ஃபயர்ஃபாக்ஸில் என்-க்குப் பதில் பி. வேலை முடிந்ததும் எல்லா மறைநிலைச் சாளரங்களையும் மூடினால், அதில் சேர்ந்த குக்கீகள் அழிந்துவிடும். தரவிறக்கிய கோப்புகள் அழியாது. அவற்றைத் தனியாக அழிக்க வேண்டும்.

2. ‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ என்று உலாவி கேட்டால், வேண்டாம்.

3. எழுந்திருக்கும் முன் ‘வெளியேறு’. தாவலை மூடுவது வெளியேறுவது ஆகாது. முறையாக வெளியேறினால், சேவைக் கணினி பொதுவாக அந்த டோக்கனைச் செல்லாததாக்கிவிடும்.

4. சாதாரணச் சாளரத்தில் வேலை செய்துவிட்டால், கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் விசைகளைச் சேர்த்து அழுத்து. ‘குக்கீகளும் தளத் தரவும்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கால அளவை ‘எல்லா நேரமும்’ என்று வைத்து அழி. கணினி மற்றவருடையது என்பதால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்.

5. மறந்து வந்துவிட்டால் பயப்படாதே; தூரத்திலிருந்தும் பூட்டலாம். கூகுள் கணக்கின் ‘பாதுகாப்பு’ பகுதியில் ‘உங்கள் சாதனங்கள்’ என்ற பட்டியல் இருக்கும். தெரியாத கணினியைத் தேர்ந்தெடுத்து வெளியேற்று. பிறகு கடவுச்சொல்லை மாற்று.

6. வீட்டுக் கைப்பேசியில் குரோமின் அமைப்புகளுக்குள் ‘மூன்றாம் தரப்புக் குக்கீகள்’ என்பதைத் தேடித் தடைசெய். குக்கீ அறிவிப்பு வந்தால் மறுக்கும் வழியைத் தேடு. இல்லையென்றால் ‘தேவையானவை மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடு.

ஐந்தாவது பழக்கத்தை அந்த மாணவிக்காகவே எழுதினோம். அவள் பள்ளிக்கு வந்த நாளில், கணக்கைப் பூட்டலாம் என்று என் பக்கத்தில் உட்காரவைத்தேன். கடவுச்சொல் அவளுக்கு நினைவில்லை. மீட்க வேண்டுமானால் ஓடிபி வரவேண்டும். அது போவது அப்பாவின் எண்ணுக்கு. அப்பா இரவு ஷிஃப்டில் இருந்ததால் மறுநாள் காலைவரை காத்திருந்தோம். காலையில் அவர் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கே வந்தார். ஓடிபி வந்தது, பட்டியலைத் திறந்தோம், பிரவுசிங் சென்டர் கணினி அங்கே இன்னும் உயிரோடு இருந்தது. அதை வெளியேற்றும் பொத்தானை அவளே அழுத்தினாள். “இப்ப அங்க திறந்தா திறக்காதுல்ல மிஸ்?” என்று இரண்டு முறை கேட்டாள். அவள் அப்பா எதுவும் பேசவில்லை. போகும்போது, “எனக்கும் இதச் சொல்லிக் குடுங்க மிஸ், கம்பெனியில இருக்கறவங்களுக்கும் தெரியாது” என்றார்.

வகுப்பறைச் செயல்பாடு: மறதிக் கடைக்காரர்

கணினி இல்லாத வகுப்பிலும் இதை நடத்தலாம். 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை பொருந்தும். ஒரு பாடவேளை போதும். தேவையானவை: எண் எழுதிய அட்டைகள், இரண்டு நோட்டுகள்.

முதல் சுற்று: ஒரு மாணவர் மறதிக் கடைக்காரர். வாடிக்கையாளர் வந்து “அரிசி ஒரு கிலோ” என்று சொல்லி ஓரடி தள்ளிப் போய்த் திரும்பி வருகிறார். கடைக்காரர் “நீங்க யாரு?” என்று கேட்க வேண்டும். பருப்பு, எண்ணெய் என ஒவ்வொன்றுக்கும் இதே நடக்கும். வகுப்பு சிரித்து ஓயும்போது கேளுங்கள்: கணக்கை எப்படி முடிப்பது?

இரண்டாம் சுற்று: கடைக்காரர் எண் அட்டை கொடுத்து, நோட்டில் எண்ணையும் பொருளையும் எழுதுகிறார். இப்போது வியாபாரம் நடக்கிறது.

மூன்றாம் சுற்று: வாடிக்கையாளர் அட்டையை மேசையிலேயே விட்டுப் போகிறார். அடுத்தவர் அதை எடுத்து நீட்டுகிறார். கடைக்காரர் முதல் ஆளின் கூடையை அவரிடமே கொடுத்துவிடுகிறார். யார் தவறு என்று விவாதிக்க விடுங்கள். கடைக்காரரா, அட்டையை விட்டவரா, எடுத்தவரா? இந்த விவாதத்தை அவசரப்பட்டு முடிக்காதீர்கள்.

நான்காம் சுற்று: மூன்று கடைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ‘முதலாளியின் ஆள்’ ஒருவர். மூவருக்கும் ஒரே நோட்டு. வாடிக்கையாளர் மூன்று கடைக்கும் போய்வந்த பிறகு நோட்டை வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளராக நடித்தவரிடம் ‘இதைக் கேட்கும்போது எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள்.

எங்கள் வகுப்பில் மூன்றாம் சுற்றில்தான் பேச்சு அதிகம் நடந்தது. அட்டையை எடுத்தவராக நடிக்க அந்த மாணவனே முன்வந்தான். விவாதத்தில், “அட்டை கெடந்துச்சு, எடுத்தேன். ஆனா கூடைக்குள்ள பார்த்திருக்கக் கூடாது” என்றான். நான் எதுவும் சேர்க்கவில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் செருப்பு டோக்கன் கதையை மட்டும் சொன்னால் போதும். ‘என் டோக்கன் என் கையில், வேலை முடிந்தால் திருப்பிக் கொடுப்பேன்’ என்பது மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் புரியும். கற்றல் செயலிக்காக அம்மாவின் கைப்பேசியைத் தொடும் குழந்தைக்கு ‘வெளியேறு’ என்ற சொல்லை அப்போதே பழக்கிவிடலாம்.

மாணவர்களின் விடைகளில் கண்ட தவறான புரிதல்கள்

‘மறைநிலையில் போனால் யாருக்கும் தெரியாது.’ அப்படியில்லை. அந்தக் கணினியில் தடம் தங்காது, அவ்வளவுதான். நாம் போகும் தளத்துக்கும் இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்துக்கும் தெரியும்.

‘குக்கீயை அழித்தால் என் விவரமெல்லாம் அழிந்துவிடும்.’ இல்லை. நம் கையில் இருந்த டோக்கன் போகும். கடைக்காரரின் நோட்டு அவரிடமே இருக்கும்.

‘மூன்றாம் தரப்புக் குக்கீயைத் தடுத்தால் யாரும் பின்தொடர முடியாது.’ பெரும்பகுதி குறையும். ஆனால் கணக்கில் நுழைந்தே இருக்கும் தளம் நம்மை அடையாளம் காணும். செயலிகள் குக்கீக்குப் பதில் கைப்பேசியின் விளம்பர அடையாள எண்ணைப் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் ‘விளம்பரங்கள்’ பகுதிக்குப் போய் அந்த எண்ணையும் அழித்துவிடலாம்.

நமக்கும்தான்

இதையெல்லாம் நடத்தி முடித்த அன்று மாலை, ஆசிரியர் அறைக் கணினியில் வருகைப் பதிவு தொடர்பான வேலைக்காக உட்கார்ந்தேன். உலாவியைத் திறந்ததும் சக ஆசிரியர் ஒருவரின் மின்னஞ்சல் திறந்தபடி நின்றது. அதற்கு முந்தைய வாரம் என்னுடையதும் அப்படித்தான் நின்றிருக்கும். நம் கணக்குகளுக்குப் பின்னால் நம் விவரம் மட்டும் இல்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பெயர், முகவரி, பெற்றோரின் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. நாம் மேசையில் விட்டுப் போகும் டோக்கன் நாற்பது பேருடைய கூடையைத் திறக்கும்.

அவருக்காக வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டு, மறுநாள் அவரிடம் சொன்னேன். ஆறு பழக்கங்களின் நகல் ஒன்றை ஆசிரியர் அறைச் சுவரிலும் இப்போது ஒட்டியிருக்கிறோம்.